துருவப் பிழைக்கு ஓர் ஒத்திகை: விண்மீன் நகர்வைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் முறை

தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் மவுண்டின் அச்சு, வானம் சுற்றுவதாகத் தெரியும் மையப் புள்ளியான வானத் துருவத்தை விட்டு விலகியிருக்கிறது என்பதைப் பலரும் மூன்று நிமிடப் படம் ஒன்றில் விண்மீன்கள் அரிசிமணி போல நீண்டு கிடப்பதைப் பார்த்த பிறகுதான் உணர்கிறார்கள். அந்த நேரத்தில் காற்று, கேபிளின் இழுப்பு, பல்சக்கரத்தின் குறை, இந்த அச்சு விலகலான துருவப் பிழை ஆகிய நான்கும் ஒரே படத்தில் கலந்து கிடப்பதால், எது எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கணினியில் ஒத்திகை பார்ப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. அங்கே பிழையை இடுபவர் நாமே என்பதால் அதன் அளவு நமக்கு முன்பே தெரியும்; அது எந்தத் திசையில், எந்த வேகத்தில் விண்மீனைத் தள்ளுகிறது என்று பழகிக்கொண்டால், மொட்டைமாடியில் அதே நகர்வைப் பார்க்கும்போது காரணத்தை அடையாளம் காண முடியும்.

இதற்கான சிமுலேட்டர்கள், அதாவது வானத்தையும் கருவியையும் போலச் செய்துகாட்டும் மென்பொருள்கள், கிடைக்கின்றன. ஆனாலும் முதலில் ஒரு விரிதாளில் நாமே கணக்கிட்டுவிட்டுப் பிறகு அவற்றிடம் போவதையே பரிந்துரைப்பேன். பல சிமுலேட்டர்கள் நகர்வை மாறாத ஒரே வேகமாக மட்டும் எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் அந்த வேகம் நாம் வானத்தின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. துருவப் பிழையைப் புரிந்துகொள்வதில் பாதி வேலை இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

கணக்கின் அடிப்படை

அளவுகளைப் பாகை, கலை, விகலை என்றே குறிப்பிடுகிறேன். பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை. வானம் 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் ஒரு சுற்று முடிக்கிறது. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 902.5 விகலை. மவுண்டின் அச்சு உண்மையான துருவத்திலிருந்து 1 கலை விலகியிருந்தால், விண்மீன் வடக்கிலோ தெற்கிலோ நகரக்கூடிய உச்ச வேகம் இந்த 902.5-ஐ 3438-ஆல் வகுத்தால் வரும். ஒரு ரேடியனில் 3438 கலைகள் இருப்பதே காரணம். விடை நிமிடத்துக்கு 0.2625 விகலை. இதைத் தலைகீழாக்கினால் 3.81 வருகிறது. நகர்வு வேகத்தை இந்த எண்ணால் பெருக்கித் துருவப் பிழையைக் கலையில் சொல்லும் வழக்கம், ஒரு விண்மீனைத் தொடர்ந்து கவனித்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் கைடிங் மென்பொருள்களில் உண்டு.

பிழைக்கு இரண்டு கூறுகள் இருக்கின்றன. அச்சு மேலே அல்லது கீழே விலகியிருப்பது ஏற்றப் பிழை. கிழக்கே அல்லது மேற்கே விலகியிருப்பது திசைவில் பிழை. திசைவில் பிழையை அப்படியே கணக்கில் சேர்க்கக் கூடாது. இடத்தின் அட்சரேகையின் கோசைனால் பெருக்கிய பிறகே அது வானத்தின் மேல் உள்ள உண்மையான விலகலாகும். சென்னையின் 13 பாகையில் அந்தக் கோசைன் 0.974 என்பதால், அடிப்பலகையில் 10 கலை திரும்பியிருந்தால் வானத்திலும் கிட்டத்தட்ட முழு 10 கலை விழுகிறது. லண்டனில் அதே 10 கலை 6.2 கலையாகச் சுருங்கிவிடும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் திசைவில் பிழையைப் பற்றிச் சற்றுத் தாராளமாக எழுதியிருப்பதைப் படிக்கும்போது, எழுதியவர் எந்த அட்சரேகையில் நிற்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாகத் தேவைப்படுவது மணிக்கோணம், அதாவது வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் உச்சிவட்டத்திலிருந்து விண்மீன் வரை துருவத்தைச் சுற்றி அளக்கும் கோணம்: விண்மீன் உச்சிவட்டத்தில் இருக்கும்போது சுழி, கிழக்கே இருக்கும்போது எதிர்ம எண், மேற்கே போனதும் நேர்ம எண். அச்சு மேலே இருந்தால் ஏற்றப் பிழை நேர்மம் என்றும், கிழக்கே இருந்தால் திசைவில் பிழை நேர்மம் என்றும் வைத்துக்கொண்டால், மவுண்டின் பார்வையில் விண்மீனின் நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணத் தொலைவு) எவ்வளவு மாறித் தெரிகிறது என்பதற்கான சூத்திரம் இதுதான்: ஏற்றப் பிழையை மணிக்கோணத்தின் கோசைனால் பெருக்கி, அதிலிருந்து, கோசைன் திருத்தம் செய்த திசைவில் பிழையை மணிக்கோணத்தின் சைனால் பெருக்கிய தொகையைக் கழிக்க வேண்டும். விடை நேர்மமாக வளர்ந்தால் விண்மீன் வடக்கே நகர்கிறது. குறைந்துகொண்டே போனால் தெற்கே நகர்கிறது.

விரிதாளை அமைத்தல்

எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க் இரண்டில் எதுவானாலும் சரி. தாளின் மேற்பகுதியில் அட்சரேகை, திசைவில் பிழை, ஏற்றப் பிழை, தொடக்க மணிக்கோணம் ஆகிய நான்குக்கும் தனித்தனிக் கட்டங்களை ஒதுக்குங்கள். அதன் கீழே முதல் நெடுவரிசையில் நேரத்தை 2 நொடி இடைவெளியில் 5 நிமிடம் வரை நிரப்புங்கள். கைடு கேமராவில் 2 நொடி வீதம் படமெடுப்பதாக வைத்துக்கொள்கிறோம். இரண்டாவது நெடுவரிசையில் தொடக்க மணிக்கோணத்துடன், கடந்த நிமிடங்களை 0.2507-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஒரு நிமிடத்தில் வானம் நகரும் பாகை அது. மூன்றாவதில் மேலே சொன்ன சூத்திரம் வரும். நான்காவதில், மூன்றாவதன் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் முதல் வரிசையின் மதிப்பைக் கழித்து 60-ஆல் பெருக்கினால், தொடக்க இடத்திலிருந்து விண்மீன் எத்தனை விகலை விலகியது என்று கிடைத்துவிடும்.

விரிதாளின் சைன், கோசைன் இரண்டும் பாகையை ஏற்காது, ரேடியனைத்தான் ஏற்கும். முதல் முறை நான் அந்த மாற்றத்தை மறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கிட்டத்தட்ட நேர்கோடாக வரவேண்டிய வரைபடம் பெரிய அலையாக வளைந்து வந்தது. அரை மணி நேரம் சூத்திரத்தைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கோடும் அப்படி வளைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இப்போது எண்களை இட்டுப் பார்க்கலாம். அட்சரேகை 13 பாகை, திசைவில் பிழை கிழக்கே 10 கலை, ஏற்றப் பிழை கீழே 6 கலை, அதாவது மைனஸ் 6. தொடக்க மணிக்கோணம் சுழி. ஐந்தாவது நிமிட முடிவில் விண்மீன் 12.7 விகலை தெற்கே போயிருக்கும். நான்காவது நெடுவரிசைக்கு ஸ்லோப் (சாய்வு காணும்) செயற்கூறைப் போட்டால் நிமிடத்துக்கு 2.54 விகலை என்று வரும். 500 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் உள்ள அமைப்பில் ஒரு பிக்சல் 1.55 விகலை (பிக்சல் அளவை 206.265-ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும்). ஆகவே கைடிங் இல்லாமல் ஒரு நிமிடம் திறந்து வைத்தாலே விண்மீன் ஒன்றரைப் பிக்சலுக்கு மேல் இழுபடும். ஐந்து நிமிடத்தில் எட்டு பிக்சல்.

தொடக்க மணிக்கோணத்தை மட்டும் மைனஸ் 60 ஆக்கி, உச்சிக்கு வர இன்னும் நான்கு மணி நேரம் உள்ள கிழக்கு விண்மீனைப் பாருங்கள்: ஐந்து நிமிடத்தில் 13.3 விகலை தெற்கே. பிறகு அதே எண்ணை நேர்மமாக்கி மேற்கே செல்லுங்கள். பிழைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன; விண்மீன் ஐந்து நிமிடத்தில் 0.6 விகலைகூட முழுதாக நகரவில்லை. கிழக்கே ஒன்றுக்கொன்று துணைபோன இரு பிழைகளும் மேற்கே ஒன்றையொன்று தின்றுவிட்டன. மொத்த விலகல் 11.4 கலை, ஆனால் மேற்கு வானத்தில் மட்டும் சோதித்தவருக்கு அது அரைக் கலைக்கும் குறைவாகத் தெரியும். மணிக்கோணம் 58.4 பாகையில் நகர்வு முற்றிலும் சுழியாகிறது என்பதையும் தாளிலேயே தேடிக் கண்டுபிடிக்கலாம். இந்த ஒரு வரிசைக்காகவே இத்தனை நேரம் தாள் போட்டது தகும் என்பது என் எண்ணம்.

ஜெர்மானிய வானியலாளர் ஜூலியஸ் ஷைனரின் பெயரால் வழங்கும் பழைய நகர்வு முறை ஏன் இரண்டு விண்மீன்களைக் கேட்கிறது என்பது இதிலிருந்து தெளிவாகும். உச்சிவட்டத்தில் மணிக்கோணத்தின் சைன் சுழி என்பதால் அங்கே ஏற்றப் பிழை வாயைத் திறப்பதில்லை. நகர்வு முழுவதும் திசைவில் பிழையால் வருவது. தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே இருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே இருக்கிறது. கிழக்கு அடிவானத்துப் பக்கம் ஏற்றப் பிழை பேசும்: விண்மீன் தெற்கே போனால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே போனால் உயர்ந்திருக்கிறது. மேற்கே பார்த்தால் இந்தக் கடைசி விதி தலைகீழாகும். தாளில் ஒரு பிழையைச் சுழியாக்கி மற்றொன்றை மட்டும் வைத்து, இந்த நான்கு விதிகளையும் ஒருமுறை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

காற்றின் ஆட்டத்தைச் சேர்த்தல்

இதுவரை கிடைத்த கோடு வழவழப்பானது. உண்மை வானத்தில் வளிமண்டலம் விண்மீனை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது நெடுவரிசை ஒன்றைத் திறந்து, நான்காவதன் மதிப்போடு 0.8 விகலை அளவுள்ள தற்செயல் ஆட்டத்தைச் சேர்க்கலாம், நார்ம்.எஸ்.இன்வ் செயற்கூறுக்குள் ரேண்ட் செயற்கூறை வைத்து 0.8-ஆல் பெருக்கினால் போதும். எஃப் 9 விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய ஓர் இரவு பிறக்கும்.

முதல் 30 வரிசைகளுக்கு, அதாவது ஒரு நிமிடத்துக்கு மட்டும் சாய்வைக் கணக்கிட்டு, எஃப் 9-ஐப் பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பாருங்கள். விடை ஏறத்தாழ 0.5 விகலை மேலும் கீழும் தாவும். துருவப் பிழையாக மாற்றினால் அது 2 கலைக்குச் சற்றுக் குறைவு. ஐந்து நிமிடத்துக்குமான சாய்வோ வெறும் 0.045 விகலைதான் ஆடும், அதாவது 0.17 கலை. நேரத்தை ஐந்து மடங்காக்கியதற்குத் துல்லியம் பதினோரு மடங்கு கூடியிருக்கிறது. மாடியில் நின்றுகொண்டு ஒரு நிமிடக் கோட்டைப் பார்த்தவுடன் திருகைத் திருப்பும் ஆவல் எல்லோருக்கும் வரும். அந்த ஒரு நிமிடத்தில் நாம் துரத்துவது பெரும்பாலும் காற்றைத்தான். நிஜக் காற்று இந்தத் தாளைப் போல ஒவ்வொரு நொடியும் தொடர்பின்றி ஆடாது, சில நேரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் என்பதால், களத்தில் ஐந்து நிமிடத்தையும் தாண்டிப் பொறுத்திருப்பது நல்லது.

வல ஏற்றத் திசைக்கும் (கிழக்கு-மேற்கு) ஒரு நெடுவரிசை வேண்டுமென்றால் பல்சக்கரத்தின் சுழற்சிப் பிழையைச் சைன் அலையாகச் சேர்க்கலாம். 180 பற்கள் கொண்ட சக்கரத்தில் அதைச் சுழற்றும் புழுத்தண்டின் ஒரு சுற்று 478.7 நொடி, 135 பற்கள் என்றால் 638 நொடி. கேமரா சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தால் இந்த அலையின் ஒரு பகுதி திரையில் மேலும் கீழுமாகவும் தெரியும். 15 பாகைச் சாய்வில் 10 விகலை அலையின் 2.6 விகலை அப்படிக் கசிந்து, துருவப் பிழை போல வேடம் போடும். கைடிங் மென்பொருள் முதலில் கேலிப்ரேஷன் கேட்பது இந்த இரு திசைகளையும் பிரித்துக்கொள்ளத்தான்.

பி.ஹெச்.டி.2 சிமுலேட்டரில்

தாளில் கிடைத்த எண்ணை இனி ஒரு கைடிங் மென்பொருளிடம் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பி.ஹெச்.டி.2 இலவசமானது, அதற்குள்ளேயே சிமுலேட்டர் இருக்கிறது. கருவிகளை இணைக்கும் பெட்டியில் கேமராவாகச் சிமுலேட்டரையும், மவுண்டாக ஆன்-கேமரா என்பதையும் தேர்ந்தெடுங்கள். புரொஃபைலில் குவியத்தூரத்தையும் பிக்சல் அளவையும் இட மறக்காதீர்கள். அவை தவறாக இருந்தால் விகலைக் கணக்கு முழுவதும் தவறாகிவிடும். பிறகு கேமராவின் அமைப்புப் பெட்டியைத் திறந்தால் சுழற்சிப் பிழை, டெக் பேக்லாஷ் (வடக்கு-தெற்குத் திசையில் பல்சக்கரத்தின் தளர்ச்சி), டெக் டிரிஃப்ட் (அதே திசையிலான நகர்வு), சீயிங் (காற்றின் ஆட்டம்), கேமராக் கோணம் ஆகியவற்றை மாற்றும் இடங்கள் வரும்.

முதல் ஓட்டத்தில் சுழற்சிப் பிழையையும் பேக்லாஷையும் சுழியாக்கி, டிரிஃப்டை மட்டும் நிமிடத்துக்கு 2.5 விகலை என்று வையுங்கள். விண்மீனைத் தேர்ந்து, கேலிப்ரேஷன் முடிந்து கைடிங் தொடங்கியதும் கைடிங் அசிஸ்டென்டைத் திறந்து ஓடவிடுங்கள். அளவிடும் நேரத்தில் மவுண்டுக்குத் திருத்தம் போகாது; விண்மீன் தன்போக்கில் நகரும். ஐந்து நிமிடம் கழித்து அது சொல்லும் நகர்வு வேகம் நீங்கள் இட்ட எண்ணை ஒட்டியும், துருவப் பிழை 9.5 கலையை ஒட்டியும் இருக்க வேண்டும். நம் தாளில் உண்மைப் பிழை 11.4 கலை என்பதை மறந்துவிடக் கூடாது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. ஒரே இடத்தில் பார்த்த நகர்விலிருந்து சொல்லக்கூடிய குறைந்தபட்சத்தைச் சொல்கிறது. மேற்கு வானத்துக்கான 0.12 விகலையை அதனிடம் கொடுத்தால் அரைக் கலைக்கும் குறைவு என்று மனநிறைவோடு அறிவிக்கும்.

அடுத்தடுத்த ஓட்டங்களில் சீயிங்கையும் பேக்லாஷையும் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கூட்டினால், மாடியில் இருந்த அதே குழப்பத்தைக் கணினிக்குள் கொண்டுவந்ததாகிவிடும்.

கேஸ்டார்ஸ் என்ற வானியல் மென்பொருளின் படமெடுக்கும் பகுதியான எக்கோஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, கருவிகளை இயக்கும் இண்டி மென்பொருளின் சி.சி.டி. சிமுலேட்டர் இருக்கிறது. அது ஜி.எஸ்.சி. விண்மீன் அட்டவணையிலிருந்து உண்மையான விண்மீன் களத்தையே வரைந்து தரும். அந்த அட்டவணையை நிறுவாவிட்டால் படம் வெறுமையாக வரும். அதன் அமைப்பில் துருவப் பிழையைக் கலையிலும், அந்தப் பிழையுடன் கடந்துபோன நேரத்தை நிமிடத்திலும் தனித்தனியாகக் கேட்கும். நிமிடத்தைக் கையால் மாற்றி மாற்றிப் படமெடுத்தால் நகர்வைப் படிப்படியாகப் பார்க்கலாம். கைடிங் பயிற்சிக்கு இது சுற்றுவழிதான்; படங்களை அடுக்கிப் பார்க்க ஏற்றது.

கோடு நேராக இருந்தும் மூலைகள் சுழல்வது

கைடிங் இருந்தால் துருவப் பிழை பொருட்டல்ல என்ற வாதத்தைத் தாளில் இன்னொரு நெடுவரிசையால் சோதிக்கலாம். கைடு விண்மீனை மென்பொருள் ஒரே இடத்தில் பிடித்து வைத்தாலும், படம் அதைச் சுற்றி மெதுவாகச் சுழலும். சுழலும் வேகத்தைக் கணக்கிட, மூன்றாவது நெடுவரிசையில் ஏற்கெனவே உள்ள மதிப்பை நடுவரை விலக்கத்தின் கோசைனால் வகுத்து, 0.004375-ஆல் பெருக்க வேண்டும். விடை நிமிடத்துக்கு இத்தனை கலை என்று வரும்.

நகர்வு சுழியாகத் தெரிந்த அந்த மேற்கு வானத்துக்கே திரும்புவோம். மணிக்கோணம் 60, நடுவரை விலக்கமும் 60 பாகை. கைடிங் வரைபடம் ஆணி அடித்தாற்போல நேராக இருக்கும். சுழற்சியோ நிமிடத்துக்கு 0.1 கலை, பத்து நிமிடப் படத்தில் 1 கலை. 6248-க்கு 4176 பிக்சல் கொண்ட உணரியின் நடுவில் கைடு விண்மீன் இருந்தால், 3758 பிக்சல் தள்ளியிருக்கும் மூலை விண்மீன் ஒரு பிக்சலுக்குச் சற்று அதிகமாக வளைந்து இழுபடும். கைடு விண்மீன் படத்துக்கு வெளியே ஒரு பக்கமாக இருந்தால் எதிர் மூலையில் இது இன்னும் கூடும். நகர்வு எங்கே மிகக் குறைவோ அங்கேதான் சுழற்சி மிக அதிகம் என்பது தற்செயல் அல்ல. ஒன்று சைனோடு போனால் மற்றொன்று கோசைனோடு போகிறது. மூலையில் வில்லாக வளைந்த விண்மீன்களைப் பார்த்து லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிமிடப் படங்களாக எடுப்பவருக்கு இதே பிழை கண்ணிலேயே படாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வி வடிவச் சோதனையையும் இதே தாளில் வரையலாம். கேமரா திறந்திருக்கும்போதே மவுண்டை மேற்கே ஓட்டி, பாதி நேரத்தில் கிழக்கே திருப்பும் முறை அது. கிடை அச்சில் போய்த் திரும்பும் தூரத்தையும் நிலை அச்சில் நான்காவது நெடுவரிசையையும் வைத்து வரைந்தால், சீரான மவுண்டில் போன கோடும் வந்த கோடும் ஒன்றாகப் படியும். இல்லையென்றால் வாய் பிளக்கும். நம் எடுத்துக்காட்டில் ஒரு நிமிடச் சோதனையின் பிளவு 1.6 பிக்சல்தான், கண்ணுக்கு எட்டாது. நான்கு நிமிடம் கொடுத்தால் ஆறரைப் பிக்சல்.

பழகிய பின் ஒரு தேர்வு

நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, இரு பிழைகளையும் இட்டுக் கட்டங்களை மறைத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்கக்கூடியது ஆட்டம் சேர்த்த ஐந்தாவது நெடுவரிசை மட்டும், மணிக்கோணத்தை மட்டும் மாற்றலாம். உச்சியில் எடுத்த சாய்வை 0.2625-ஆல் வகுத்தால் திசைவில் கூறு வந்துவிடும். பிறகு மைனஸ் 60-இல் எடுத்த சாய்வையும் அப்படியே வகுத்து, அதிலிருந்து திசைவில் கூறின் பாதியைக் கழித்து, எஞ்சியதை 0.866-ஆல் வகுத்தால் ஏற்றக் கூறு கிடைக்கும். இரண்டு சாய்வுகளுக்கும் தெற்கே நகர்வதை நேர்மமாக எடுத்துக்கொண்டால், விடை நேர்மமாக வரும்போது அச்சு தாழ்ந்திருக்கிறது என்று பொருள். நம் எண்களை இட்டால் 9.7 கலையும் 6 கலையும் திரும்பக் கிடைக்க வேண்டும். அரைக் கலைக்குள் சொல்ல முடிகிறவரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

தாளுக்கும் மாடிக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் சுழி என்பது உண்மையான துருவம். வளிமண்டலத்தின் ஒளிவிலகல், அடிவானத்தை ஒட்டியவற்றை உயர்த்திக் காட்டும். 13 பாகை உயரத்தில் அந்த உயர்வு ஏறத்தாழ 4 கலை. மவுண்டின் அச்சில் பொருத்திய துருவத் தொலைநோக்கி வழியே துருவ விண்மீனை உரிய இடத்தில் மிகச் சரியாக நிறுத்தினாலும், மவுண்ட் உண்மைத் துருவத்துக்கு 4 கலை மேலேதான் நிற்கும். வட ஐரோப்பியருக்கு இது ஒரு கலைக்கும் குறைவு. நமக்குத் தாளில் தனியாக இட்டுப் பார்க்கும் அளவுக்குப் பெரியது. ஏற்றப் பிழை 4, திசைவில் பிழை சுழி, மணிக்கோணம் மைனஸ் 60 என்று வைத்தால், நிமிடத்துக்கு 0.9 விகலை வடக்கே நகரும். துருவ விண்மீனைச் சரியாக வைத்த பிறகும் கிழக்கு விண்மீன் இந்த அளவில் வடக்கே போனால், கருவியைச் சந்தேகிக்காமல் ஏற்றத் திருகைச் சற்றே இறக்குங்கள்.